மரத்தாராவுக்குப் பூசிய தார்

இந்தக் கதையைப் பல வருஷமாக நான் முழுதாக நம்பவில்லை. சொன்னவர் கோணாமலை அண்ணன். பொய் சொல்லத் தெரியாத மனிதர். அதற்கு வேண்டிய ஞாபகசக்தி அவரிடம் இல்லை. ஆனாலும் ஒரு மனிதன் ஒரு தாராவின்மேல், அதுவும் ஒரு வாத்தின்மேல், பொறாமைப்பட முடியுமா? முடியாது என்றுதான் நினைத்தேன். பிறகு எனக்கும் கல்யாணமாகி, வயது ஐம்பதைத் தாண்டியது. இப்போது அந்த இடத்தில் எனக்குச் சந்தேகமில்லை. வேறொரு இடத்தில்தான்.

இரண்டாம் உலக யுத்தகாலம். கப்பலில் அரிசி வராது, ஒரு துண்டு நிலமும் சும்மா கிடக்கக் கூடாது என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்த நேரம். உன்னிச்சைக் குளத்துக்குக் கீழே கோணாமலை நெல் செய்த வட்டையின், அந்த வயல்வெளியின், ஓரத்தில் ஒரு வில்லு கிடந்தது. கோடையிலும் ஈரம் காயாத சதுப்பு. பன்புல் ஆளுயரத்துக்கு மண்டியிருக்கும். நடுவே ஒரு கிழட்டு மருதமரம். அதன் பொந்தில் ஒரு சோடி காட்டுத்தாரா முட்டையிட்டிருந்தது. மரத்தில் முட்டையிடுவதால் மரத்தாரா என்பார்கள்.

கோணாமலை ஒருநாள் தீர்மானம் செய்தார். வில்லை எரிப்பது. மரத்தைத் தறிப்பது. தண்ணீரை வடிப்பது. மாரிக்கு முன் நெல் விதைப்பது. தீர்மானம் செய்துவிட்டால் கோணாமலை மலைதான். அசையமாட்டார். முக்கியமாகச் சாய்மனைக் கதிரையிலிருந்து.

காணி மனைவி சின்னத்தங்கத்தின் சீதனம். வீடும் அவள் சீதனம். கதிரைகூட மாமனார் செய்வித்ததுதான். இதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அதுதான் அவருக்குத் தாங்கமுடியாத துன்பம்.

"மச்சான், வில்லுக்குள்ள தாரா அடைகிடக்குது," என்றாள்.

"கிடக்கட்டும்."

"நெருப்பு வெச்சா அதுகள் எங்க போறது?"

"என்னக் கேட்டுட்டா வந்ததுகள்?"

"குஞ்சு பொரிக்கிற மட்டும் பொறுத்தா என்ன?"

"இஞ்ச பார் சின்னத்தங்கம். வட்ட விசயத்தில பொம்பிள வாய் வைக்கப்படாது. வாற கிழம கந்தப்போடி ஆக்களோட வாறான். நெருப்புத்தான்!"

சோற்றில் இன்னும் ஒரு அகப்பை குழம்பு ஊற்றினாள். இவ்வளவு லேசாக வென்றது கோணாமலைக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் சோறு போடும்போது தொடங்கினாள்.

"அந்த ஆண்தாரா இரிக்கே, மச்சான்..."

"எந்த ஆண்தாரா?"

"மருதமரத்துத் தாராதான். பொண் முட்டையில கிடந்து களைச்சிரும் எண்டு அது வந்து குந்துது. பொண் போய் மேஞ்சிட்டு வரும் மட்டும் இறங்காது. மாறி மாறி. என்ன குணம்! என்ன பொறுப்பு!"

சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டாள்.

அந்தப் பெருமூச்சுத்தான் கோணாமலையைத் தைத்தது. நாலு பிள்ளை பெற்றவள். அவருக்காக ஒருநாளும் இப்படி மூச்சு விட்டதில்லை. அவருக்கென்று விட்ட மூச்செல்லாம் வேறு ஜாதி.

"சும்மா கதையாத. ஆண்தாரா அடைகிடக்குமா? நம்மட ஊட்டு ஆண்தாரா எண்டைக்கு முட்டையில குந்தினது?"

"அது ஊட்டுத் தாரா மச்சான். தின்னும், படுக்கும், கத்தும். காட்டில இரிக்கிறது அப்படியில்ல."

தாராவைத்தான் சொன்னாள். ஆனால் கதிரையைப் பார்த்துச் சொன்னாள்.

அதன்பிறகு அந்த வீட்டில் மூன்று வேளையும் ஆண்தாராதான். கடைக்குட்டி அழுதால், "ஆண்தாராவெண்டா இப்ப தூக்கியிரிக்கும்." விறகு தீர்ந்தால் ஆண்தாரா. வேலி சரிந்தால் ஆண்தாரா. "கண்ணச் சுத்தி மஞ்சளாக் கீறினாப்போல ஒரு வட்டம். என்ன வடிவு!" என்றாள் ஒருநாள். கோணாமலை கண்ணாடியில் தன் கண்ணைப் பார்த்தார். சுற்றிக் கறுப்புத்தான் இருந்தது.

பக்கத்து வயல்காரன் கந்தப்போடியிடம் போனார்.

"கந்தப்போடி, மரத்தாராவில ஆண் அடைகிடக்குமா?"

"எனக்கென்ன தெரியும்? நான் சுட்டுத் திண்டிருக்கன். குடும்பம் விசாரிச்சதில்ல."

"ஆண் எது, பொண் எது எண்டு எப்படிக் காணுறது?"

"ஏலா. ரெண்டும் ஒரே நிறம், ஒரே பருமன். அதுகளுக்கே தெரியுமோ தெரியா. அத விடு. நெருப்பு எப்ப வெக்கிற?"

"பொறு. முதல்ல அவன்ட கள்ளத்தப் பிடிக்கோணும்."

"எவன்ட?"

தாராவை 'அவன்' என்று சொல்லத் தொடங்கிவிட்டதை அப்போதுதான் கோணாமலையே கவனித்தார்.

கள்ளத்தைப் பிடிக்க ஒரு வழி கண்டார். தாராவுக்குத் தார். தோணிக்குப் பூசுகிற தாரைச் சிரட்டையில் எடுத்துக்கொண்டு விடியற்காலையில் மருதமரத்தில் ஏறினார். பொந்துக்குள் கிடந்த தாராவின் கழுத்தில் ஒரு பொட்டு வைப்பது. பிறகு கீழே ஒளித்திருந்து பார்ப்பது. எப்போது பார்த்தாலும் பொட்டு வைத்ததே குந்தியிருந்தால் அதுதான் பெண், மற்றது ஊர்சுற்றி. சாட்சியோடு வீட்டுக்குப் போகலாம். சின்னத்தங்கத்தின் பெருமூச்சுக்கு அன்றோடு முடிவு.

உள்ளே கைவிட்டார். தாரா சீறிக்கொண்டு கொத்தியது. தாராவின் கழுத்தில் ஒரு பொட்டு விழுந்தது. மிச்சமெல்லாம் கோணாமலையின் மீசையில்.

பன்புல்லுக்குள் குந்தியிருந்தார். வெயில் ஏறியது. மேலே சீழ்க்கைச் சத்தம் கேட்டது. ஒரு தாரா வந்து கிளையில் இறங்கியது. கழுத்தில் பொட்டு இல்லை. உள்ளிருந்த பொட்டுத்தாரா வெளியே பறந்தது. பொட்டில்லாதது பொந்துக்குள் போய் அடங்கியது. கோணாமலையின் நெஞ்சில் யாரோ உலக்கை போட்டதுபோல இருந்தது.

வீட்டுக்கு வந்தார்.

"மீசையில என்ன மச்சான்?"

"தார்."

"மருதமரத்தடிக்கா போன நீங்க? இண்டைக்கும் மாறிக் குந்தினதா?"

"ஒருநாள் குந்தினா அது பெரிய விசயமா? நாளைக்கு ஓடிருவான்."

"ஓட மாட்டான், மச்சான்."

மாட்டான்! அவளும் 'அவன்' என்கிறாள்! கோணாமலை அன்று சாப்பிடவில்லை. கதிரையில் சாயவும் இல்லை. ஒரே ஒருநாள் அவன் வராமல் இருந்தால் போதும், அதை நான் என் கண்ணால் கண்டால் போதும் என்று சபதம் எடுத்தார்.

மறுநாளிலிருந்து விடிய முந்தி வில்லுக்குள் இருப்பார். பொழுதுபட வருவார். ஒருநாள் உடும்பு ஒன்று மரத்தில் ஏறியது. முட்டை போனால் அவனுக்கு வேலை போய்விடும். வேலை போனால் அவன் நேரத்துக்கு வராமல் சுணங்குவதைக் காண்பது எப்படி? கல்லெறிந்து விரட்டினார். காகத்தை விரட்டினார். தாரா சுடத் துவக்கோடு வந்த ஒருவனைக் குளக்கட்டுவரை துரத்தினார். குற்றவாளி இல்லாமல் வழக்கு ஏது?

மத்தியானச் சோற்றைச் சின்னத்தங்கமே கொண்டுவருவாள். கூடையை அவர் முன்னால் வைத்துவிட்டு மரத்தை அண்ணாந்து பார்ப்பாள். சோறு எனக்கு, பார்வை அவனுக்கா? மீன் பொரியல் வேறு. இப்படிப் பொரித்து அவர் கண்டு பல வருஷம். அவனைப் பார்க்க வருகிற சந்தோஷத்தில் பொரித்தது என்று முள்ளோடு விழுங்கினார். முள்ளும் ருசியாகத்தான் இருந்தது.

சொன்ன கிழமை தாண்டி ஒருநாள் கந்தப்போடி ஆட்களோடு வந்தான். ஆளுக்கொரு தென்னோலைச் சூள் பந்தமாக எரிந்தது.

"ஒழும்பு கோணாமல. காத்து நல்லாயிரிக்கு. இப்ப கொளுத்தினாத்தான் சரி."

"கொளுத்து. நான் ஒழும்ப மாட்டன்."

"உன்ட வெள்ளாமைக்குத்தானே இந்தப் பாடு!"

"வெள்ளாம கிடக்கட்டும். இப்ப அவன எரிச்சா, சாகு மட்டும் அவ அவன நல்லவன் எண்டுதான் சொல்லுவா. அவன் உயிரோட இரிக்கோணும். ஒருநாள் சுணங்கோணும். அத நான் காணோணும்!"

கந்தப்போடி ஆட்களைப் பார்த்தான். ஆட்கள் தங்கள் கால்களைப் பார்த்தார்கள். "வெயில் கடுமைதான்," என்றான் ஒருவன் மெதுவாக. சூளை அணைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அவன் சுணங்கவில்லை. ஒருநாளும் இல்லை. பொட்டு வெளியே வந்தால் பொட்டில்லாதது உள்ளே. பொட்டில்லாதது வந்தால் பொட்டு உள்ளே. இதில் ஆண் எது என்றுகூடக் கோணாமலைக்குத் தெரியவில்லை. ஆகவே இரண்டின் மேலும் பொறாமைப்பட்டார்.

ஒரு காலையில் பொந்திலிருந்து பஞ்சுருண்டை மாதிரி ஒன்று விழுந்தது. பிறகு இன்னொன்று. குஞ்சுகள்! விழுந்த ஒவ்வொன்றும் எழுந்து உதறிக்கொண்டு தண்ணீரைத் தேடி ஓடியது. தாய் தகப்பன் இரண்டும் கீழே நின்று கூப்பிட்டன. ஒரு குஞ்சு கோணாமலையின் காலடியில் புல்லுக்குள் சிக்கிக்கொண்டது. ஒரு தாரா திரும்பி வந்தது. ஆளைக் கண்டும் பறக்கவில்லை. குஞ்சைக் கூப்பிட்டுக் கூட்டிக்கொண்டு போனது. கோணாமலை மூச்சுவிடாமல் பார்த்திருந்தார். அந்த நேரம் மட்டும் யார்மேலும் அவருக்குக் கோபம் வரவில்லை.

அதே கிழமை மழை பிடித்தது. வில்லில் இடுப்பளவு தண்ணீர். இனி எரிக்க ஏலாது.

நனைந்தபடி வீட்டுக்கு வந்தார். "குஞ்சுகள் எல்லாம் தண்ணிக்குப் போயிட்டு," என்றார்.

"அவனும் கூடப் போனானா?"

"போனான்," என்றார். சொல்லிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார்.

"அப்ப வாற கோடைக்கு எரிப்பமா, மச்சான்?"

"எரிக்கிறதா? வாற கோடைக்கும் அவன் இப்படித்தான் இரிப்பானா எண்டு பாக்கவேணாமா?"

அடுத்த கோடையும் பார்த்தார். அதற்கடுத்த கோடையும் பார்த்தார். சுற்றியிருந்த வில்லெல்லாம் வயலாகியது. இது மட்டும் கிடந்தது. போக இடமில்லாத தாராவெல்லாம் இங்கேதான் வந்தன. உடும்புக்கும் துவக்குக்கும் கோணாமலை என்றால் பயம். வீட்டில் சாய்மனைக் கதிரையில் சின்னத்தங்கம் சாய்ந்து கிடந்தாள்.

போன கிழமை அவரைப் பார்க்கப் போனேன். வில்லை எனக்குக் கைநீட்டிக் காட்டினார். "நான் இல்லாட்டி இதுகளுக்கு ஆரு?" என்று நெஞ்சை நிமிர்த்தினார். இனியும் அடக்கிவைக்க எனக்கு ஏலவில்லை. கேட்டேவிட்டேன்:

"அண்ணன், நீங்க தார் பூச முந்தி ரெண்டு தாராவும் ஒரே மாதிரித்தானே? அப்ப, மாறி மாறிக் குந்துதுகள் எண்டு சின்னத்தங்கம் அக்கா எப்படிக் கண்டா?"