மீன் விடாத தொட்டி

சுபோதினி மறுக்கவில்லை. அதுதான் முதல் அதிர்ச்சி.

கடல்நீர் மீன்தொட்டி ஒன்று வாங்கி ஹோலில் வைக்கப் போகிறேன் என்று நான் அறிவித்தபோது அவள் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். மறுப்பாள் என்று எதிர்பார்த்துப் பதில்களைப் பாடமாக்கி வைத்திருந்தேன். மன அமைதி. இரத்த அழுத்தம். பிள்ளைக்கு உயிரியல் அறிவு. ஒன்றையும் எடுத்துவிட அவள் இடம் தரவில்லை.

"வையுங்கோ" என்றாள். அடுத்த பயற்றங்காயை எடுத்தாள்.

என் மனைவி ஒரே சொல்லில் சம்மதித்த விஷயம் இது ஒன்றுதான். என்னைக் கட்டுவதற்குக்கூட இரண்டு சாத்திரியாரிடம் சாதகக் குறிப்புக் காட்டிய பிறகுதான் சம்மதித்தாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சோற்றுக் கோப்பையில் இருக்கும் மீனைத் தவிர வேறு மீன்களில் எனக்கு ஆர்வம் இல்லை. தொட்டி வாங்கியது கேதீஸ்வரனுக்காக.

கேதீஸ்வரன் சுபோதினியின் அண்ணன். ரொறன்ரோவில் இருக்கிறார். யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயில் தேருக்கு வந்துவிட்டுக் கொழும்பில் நிற்பது வழக்கம். கொழும்பு என்றால் வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட். ஃபிளாட் என்றால் ஹோல். ஒரு அறையில் நாங்கள், மற்றதில் ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கும் மகள் ஹம்சிகா. ஆகவே மச்சானுக்கு ஹோல். போனமுறை அவர் என் சோபாவைச் சுவரோடு தள்ளிவிட்டு, விடியற்காலையில் நடுவில் நின்று உடற்பயிற்சி செய்தார். அலுமாரியில் இருந்த எல்லாப் போத்தலிலும் திகதி பார்த்தார். ஒழுகாத குழாயைத் திருத்தினார். அது ஒழுகத் தொடங்கியது. செய்தி நேரத்தில் ரிவியை நிறுத்திவிட்டு என் கொழுப்பைப் பற்றிக் கதைத்தார்.

மனைவியின் அண்ணனை வரவேண்டாம் என்று சொல்ல என்னால் முடியாது. ஒரு தொட்டியால் முடியும்.

கொட்டாஞ்சேனையில் மீன்கடை வைத்திருக்கும் அஹ்ஸனிடம் போனேன். கடல்மீன் வளர்க்கப் பொறுமை வேண்டும் என்று அவர் தொடங்கினார். எத்தனை பேருக்குச் சொல்லி அலுத்திருப்பாரோ, முகத்திலேயே தெரிந்தது. முதலில் தண்ணீரும் உப்பும் கல்லும் மட்டும்தான். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கல்லில் ஊறி வளரவேண்டும். மீனின் கழிவில் வருகிற நஞ்சை அவைதான் தின்னும். அவை வளரும் முன்னே மீனைப் போட்டால் மீன் செத்துப் போகும். சிக்கலான கருவிகள் ஒன்றும் வேண்டாம், காத்திருந்தால் போதும் என்றார்.

"எவ்வளவு காலம் காத்திருக்கலாம்?" என்றேன்.

"கொஞ்சம் கிழமைதான் சேர். அவசரம் எண்டா ஒரு மருந்து ஈக்குது, ஊத்தினா..."

"மருந்து வேண்டாம். ஆகப் பிந்துகிற முறை எது?"

அவர் கையில் இருந்த வலையைக் கீழே வைத்தார். "சேர், வார ஆக்கள் எல்லாம் எப்ப மீன் போடலாம் எண்டுதான் கேப்பாங்க. நீங்க எப்ப வரைக்கும் போடாம ஈக்கலாம் எண்டு கேக்கிறீங்க."

தொட்டி வந்தது. ஹோலில் பாதியைப் பிடித்தது. பாய் விரிக்க இடம் இல்லை என்பதை நான் ஒருமுறைக்கு இருமுறை படுத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். றோட்டைக் கடந்தால் கடல். அந்தக் கடலைப் பார்த்தபடி நான் வாளி வாளியாக உப்புக் கரைத்தேன். கால்வாய் வந்து விழுகிற இடத்துத் தண்ணீர் ஆகாது என்று அஹ்ஸன் சொல்லியிருந்தார். மாடியில் இருக்கும் ஹமீமா ராத்தா உப்பு மூட்டையைக் கண்டு, ஊறுகாயா போடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்.

பிறகு வீட்டாருக்கு ஒரு சட்டம் போட்டேன். புதுத் தொட்டி பச்சைக் குழந்தை மாதிரி. பக்கத்தில் சத்தம் கூடாது. உடற்பயிற்சி கூடாது. முக்கியமாக, பக்கத்தில் யாரும் படுக்கக் கூடாது. மனிதர் விடுகிற மூச்சு தண்ணீரைக் கெடுக்கும்.

ஹம்சிகா எதையோ சொல்ல வாயெடுத்தாள். உயிரியல் படிக்கிற பிள்ளை. தாய் அவளைப் பார்த்தாள். பிள்ளை வாயை மூடிக்கொண்டது.

அடுத்த அதிர்ச்சி இறாலால் வந்தது. கிருமிகள் வளர அவற்றுக்குத் தீனி வேண்டும். ஒரு பச்சை இறாலைத் தொட்டிக்குள் போட்டு அழுகவிடவேண்டும். நான் இறாலோடு வீட்டுக்கு வந்த அன்றுதான் நல்லூரில் கொடியேறியிருந்தது. எங்கள் வீட்டில் கொடி இறங்கும்வரை மீன், இறைச்சி, எந்த மச்சமும் கிடையாது. முட்டைகூட வாசலைத் தாண்டாது. ஒருமுறை திருவிழாக் காலத்தில் நான் மீன் றோல்ஸ் தின்றுவிட்டு வந்ததை மணத்தில் பிடித்து, சட்டையோடு குளிக்க வைத்தவள் சுபோதினி.

பையைத் திறந்து பார்த்தாள்.

"இது சமைக்கவோ?"

"இல்லை. அழுகவிட."

கொஞ்சம் யோசித்தாள். "சமைக்காட்டி மச்சமில்லை. போடுங்கோ."

நான் சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். பின்னேரம் விளக்கு வைக்கும் நேரத்தில் பழைய ஜன்னல் கேட்டினைக் கொண்டுவந்து தொட்டியை மூடினாள். தேவாரம் படித்து முடித்துவிட்டுத் திறந்தாள். சாமியும் இறாலும் ஒருவரை ஒருவர் காணாமல் திருவிழா நாட்களைக் கழிக்கத் தொடங்கினார்கள்.

அதோடு நிற்கவில்லை. தண்ணீரைச் சோதிக்கிற சின்னக் குப்பிகளை அவளே எடுத்துத் துளித்துளியாக விட்டு, நிறம் பார்த்தாள். அமோனியா இன்னும் இறங்கவில்லை என்று எனக்குச் சொன்னாள். கல்லை இவ்வளவு நெருக்கி அடுக்கினால் தண்ணீர் ஓடாது என்று சொல்லிப் பிரித்து வைத்தாள். எங்கே படித்தனீர் என்று கேட்டேன். யூடியூப் என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை ரொறன்ரோவில் இருந்து வீடியோ கோல் வந்தது. சுபோதினி ஃபோனைத் தொட்டிப் பக்கம் திருப்பிப் பிடித்தாள். நான் எட்டிப் பார்த்தேன். திரையில் கேதீஸ்வரன். அவருக்குப் பின்னால் சுவரளவு ஒரு தொட்டி. நீல வெளிச்சம். மஞ்சள் மீன்கள் கூட்டமாகப் போய்த் திரும்பின.

"மச்சான்" என்றார். "நானும் எத்தினை பேரைப் பாத்திட்டன். எல்லாரும் அவசரப்பட்டு மீனை விட்டுக் சாக்காட்டிப்போடுவினம். நீங்கள் வெறுங் கல்லைப் பாத்துக்கொண்டு பொறுமையா இருக்கிறீங்கள். உங்களை நான் பிழையா நினைச்சிட்டன். ஹோட்டலைக் கான்சல் பண்ணிப்போட்டன். வந்து பக்கத்திலயே நிண்டு பாத்துத் தாறன்."

"எந்த ஹோட்டல்?" என்றேன். அதற்குள் ஃபோன் பல்கனிக்குப் போய்விட்டது.

அவள் திரும்பி வரும்வரை கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இஞ்சேரும், எந்த ஹோட்டல்?"

"பம்பலப்பிட்டியில. இந்தமுறை எங்களோட நிக்கமாட்டன் எண்டு புக் பண்ணினவர். போனமுறை உங்கட முகத்தைப் பாத்தவராம். நான் எவ்வளவோ அழுது பாத்தனான். கேக்கேல்லை."

"நீர் எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே?"

"சொல்லியிருந்தா நீங்கள் தொட்டி வாங்கியிருக்கமாட்டீங்கள்."

அதை அவள் கோபமில்லாமல் சொன்னாள். கேட்டினை மடித்தபடி சொன்னாள்.

"நான் ஏன் வாங்கினனான் எண்டு உமக்குத் தெரியுமோ?"

"அண்ணைக்குப் படுக்க இடமிருக்காது எண்டு நீங்கள் குளியலறையில நிண்டு பாடமாக்கினது ஹமீமா ராத்தாவுக்கும் தெரியும்."

என்னிடம் கடைசியாக ஒரு சட்டம் மிஞ்சியிருந்தது. அதை எடுத்தேன். தொட்டிக்குப் பக்கத்தில் ஆட்கள் படுக்கக் கூடாது, மூச்சுக் கெடுத்துவிடும் என்றேன்.

"அண்ணையைக் கேட்டனான். அவர் சிரிச்சவர். எண்டாலும் அவருக்கு எங்கட அறையைக் குடுப்பம். நான் ஹம்சிகாவோட படுக்கிறன். நீங்கள் இஞ்சை சோபாவில படுங்கோ. கரண்ட் போனா மோட்டர் நிண்டிடும், ஆரும் பக்கத்தில இருக்கவேணும்."

எத்தனை நாள் நிற்பார் என்று கேட்டேன்.

"திரும்பிற திகதி இன்னும் போடேல்லையாம். முதல் சோடி மீனை விட்டு, அதுகள் சாப்பிடத் தொடங்கினாப் பிறகுதான் போவாராம்."

மறுநாள் அலுவலகத்தில் அரைநாள் லீவு போட்டேன். ஆட்டோவில் கொட்டாஞ்சேனைக்குப் பறந்தேன். பொறுமையாவது மண்ணாவது. அமோனியா இறங்கட்டும், ஏறட்டும். மச்சான் வந்து இறங்கும்போது வீட்டில் மீன் இருக்கவேண்டும். அது சாப்பிடவேண்டும். மனிதர் ஏர்போர்ட்டிலேயே திகதி போட்டுவிடவேண்டும்.

அஹ்ஸன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். செம்மஞ்சளில் வெள்ளைப் பட்டி போட்ட ஒரு சோடி மீனைக் காட்டினேன். இப்போதே கட்டித் தாருங்கள் என்றேன். இவை வேண்டாம் என்றால் சாகாத மீனாக ஒன்று தாருங்கள் என்றேன். மருந்தும் இரண்டு போத்தல் என்றேன்.

அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"மிஸிஸ் காலையிலயே கோல் எடுத்தாங்க சேர். அவங்கட கனடா நானா ஊருக்குத் திரும்பிப் போற மட்டும் உங்களுக்கு மீன் விக்க வாணாமாம்."