தானா அண்ணன்

சேவை சங்கம்னு ஒண்ணு இருந்தா, அதுல கட்டாயம் தானா அண்ணன்னு ஒருத்தர் இருப்பாரு. உங்க சங்கத்துல இல்லையா? நல்லாத் தேடுங்க, வைஃபை பக்கத்துல இருப்பாரு. கழுத்துல ஹெட்போன், மடியில லேப்டாப், வாயில ஒரே வார்த்தை. "நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்க்கா. மெசேஜ் தானா போயிடும், பதில் தானா வந்துடும், ரிப்போர்ட் தானா ரெடியாயிடும்." டீ மட்டும் தானா வராது. அதுக்கு யாராச்சும் எழுந்து போகணும். அவரு போக மாட்டாரு. மேஜைக்கும் பிரிண்டருக்கும் நடுவுல கூட உக்காந்தபடியே சர்ர்ருனு போயிட்டு சர்ர்ருனு வருவாரு.

எங்க சங்கம் சின்னது. நடக்க முடியாதவங்களுக்குச் சக்கர நாற்காலி இரவல் குடுப்போம். முன்னாடி யாராச்சும் கேட்டா, செயலாளர் அக்கா மூலையை எட்டிப் பாப்பாங்க. "இருக்கும்மா, எடுத்துக்க." முடிஞ்சுது. அண்ணன் வந்தாரு. "என்னக்கா, இன்னும் கண்ணாலயா பாக்கறீங்க?"ன்னு ஒரு சிரிப்பு. அக்காவுக்குக் கண்ணு இருக்கறதே வெக்கமாப் போச்சு. அப்புறம் ஆப் வந்துது, ஆப்புக்கு பாஸ்வேர்ட் வந்துது, பாஸ்வேர்ட் மறந்தா அழ ஒரு குரூப் வந்துது, ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலயும் ஒரு சென்சார் வந்துது. யாராச்சும் உக்காந்தா ஆப்ல சிவப்பு. எழுந்தா பச்சை. எல்லாம் தானா!

போன வாரம் ஒரு பொண்ணு மூச்சு வாங்க ஓடி வந்துச்சு.

"அப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷன். கால ஊனக் கூடாதாம். வாசல்ல கார்லயே உக்காந்திருக்காருங்க, வலி தாங்க முடியல. ஒரு நாற்காலி கிடைக்குமா?"

"கவலைப்படாதம்மா, தானா காட்டும்." அண்ணன் போன்ல ஆப்பைத் தட்டினாரு. எல்லாம் சிவப்பு.

"எல்லாம் வெளிய போயிருக்கு... இரு இரு. இந்த ஒண்ணை யாருமே இரவல் வாங்கல, ஆனா எவனோ உக்காந்திருக்கான்! மனசாட்சி இல்லாத ஜென்மம்! எங்க இருக்கான்னு மேப் சொல்லும் பாரு."

நாங்க எல்லாரும் ஸ்கிரீனுக்குள்ள தலையை விட்டோம்.

"நம்ம ஊருதான்க்கா... நம்ம தெரு! ஐயோ, நம்ம கட்டடம்! உள்ளயே இருக்கான்க்கா, கதவைச் சாத்துங்க!"

வெளிய கார்ல பெரியவர் முனகறது கேட்டுது. அக்கா பழைய பழக்கத்துல மூலையை எட்டிப் பாத்தாங்க. அங்க காலி. அப்புறம் மெதுவா அண்ணனைப் பாத்தாங்க. அப்புறம் அண்ணனுக்குக் கீழ பாத்தாங்க.

"தம்பி, எழுந்திரு."

"இருங்கக்கா, லோடாகுது."

"எழுந்திருடா!"

எழுந்தாரு. அடுத்த நொடி அந்தப் பொண்ணு நாற்காலியைத் தள்ளிக்கிட்டு வாசலைத் தாண்டிடுச்சு. அண்ணன் கண்ணு போனை விட்டு நகரல. முகமெல்லாம் பல்லு.

"பாத்தீங்களாக்கா! தானா பச்சையாயிடுச்சு!"

சிரிக்கறீங்களா? சிரிங்க. இத்தனை நாளா அவரு அதுல உக்காந்து சுத்தினதை நாங்களும்தான் பாத்துக்கிட்டு இருந்தோம். இப்ப நீங்க ஒண்ணு பண்ணுங்க. படிக்கறதை நிறுத்திட்டு ஒரு நிமிஷம் எழுந்து நில்லுங்க.

எங்கயாவது யாருக்காவது பச்சை விழுதான்னு பாப்போம்.