மூத்தவளுக்கு வலது கை கிடைத்த விவரம்

அன்புத் தங்கச்சிக்கு,

உன் அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அத்தான், கடை, கடையில் பிரித்துப் போட்டிருக்கிற மெத்தைகள் எல்லாரும் சுகம். அத்தானுக்கு இடுப்பு மட்டும் சுகமில்லை. ஊருக்கெல்லாம் மெத்தை தைத்துக் கொடுத்துவிட்டுத் தான் மட்டும் தரையில் படுத்தால் அப்படித்தான். அங்கே நீயும், நீ வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையும், அலமாரியில் வரிசையாக உட்கார்ந்திருக்கிற உன் பொம்மைப் பிள்ளைகளும் தூசி தும்மல் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவள் எழுதுகிற கடிதம் இது. பிழை கண்ணில் பட்டால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கல்யாண விஷயம் இல்லை. கடிதத்தைக் கிழிக்காதே. போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் நான் கூப்பிட்டால்தான் நீ எடுப்பதில்லையே. அந்த ஃபேன் ரிப்பேர்க்காரரை உன் வீட்டுக்கு அனுப்பிய நாளிலிருந்து உனக்கும் எனக்கும் பேச்சு இல்லை. அவர் ஃபேன் ரிப்பேர்க்காரர் இல்லை, நான் உனக்குப் பார்த்து வைத்த மாப்பிள்ளை என்று நீ கண்டுபிடித்தது சரி. கண்டுபிடித்த பிறகும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி ஸ்டூலைப் போட்டு, ஆளை மேலே ஏற்றி, நல்லாச் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைக் கழற்ற வைத்தாயே, அது நியாயமா? கழற்றத் தெரிந்த மனிதருக்கு மாட்டத் தெரியவில்லை. இன்றைக்கும் என்னைத் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். நீயோ, "இனிமே இந்த வீட்டுக்கு யாரையாவது அனுப்பினே, அக்கா தங்கச்சிங்கிறதெல்லாம் அதோட சரி" என்று போனை வைத்தவள் வைத்தவள்தான். அன்றிலிருந்து நானும் வாயைத் தைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். மெத்தை ஊசி கையிலேயே இருப்பதால் அதில் ஒன்றும் சிரமமில்லை. வீடுதான் ரொம்ப அமைதியாகிவிட்டது. அத்தான் மட்டும் சந்தோஷமாக இருக்கிறார்.

ஆகவே விஷயம் உன் மூத்தவளுடைய வலது கை.

பேச்சுதான் நின்றதே தவிர, அந்தக் கையைத் தேடுவதை நான் நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் டிப்போவுக்குப் பின்னாலுள்ள பழைய சாமான் சந்தைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். நீ முதன்முதலில் வாங்கிய பீங்கான் பொம்மை, அலமாரியில் முதல் இடத்துக்காரி, அவளுக்கு ஒரு கை இல்லையே என்று நீ எத்தனை நாள் புலம்பியிருக்கிறாய். கண்ட கையை மாட்டவும் விடமாட்டாய். அதே தொழிற்சாலை, அதே அச்சு, பிடரியில் அதே நட்சத்திர முத்திரை இருக்கிற பொம்மையின் கைதான் வேண்டும், கழுவக் கூடாது, சாயம் பூசியிருக்கக் கூடாது. உனக்கு மாப்பிள்ளை தேடும்போதுகூட நீ இத்தனை சொல்லவில்லை. (கல்யாணப் பேச்சு இல்லை, உதாரணத்துக்குச் சொன்னேன்.) நான் முதலில் ஒரு கை வாங்கி அனுப்பினேனே, அது வேறு அச்சு, அதுவும் இடது கை. பொம்மை எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தால் அதன் வலது என் பக்கம் இடதாக வரும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? நீ திருப்பி அனுப்பிவிட்டாய். அத்தான் அதை இப்போது முதுகு சொறிய வைத்திருக்கிறார். விரலெல்லாம் பாந்தமாக இருக்கிறதாம்.

போன ஞாயிறு என்ன ஆயிற்று என்றால், சந்தையில் கம்பி ஒடிந்த பெரிய குடைக்குக் கீழே ஒரு அம்மா உட்கார்ந்திருப்பாள், நாங்கள் குடையம்மா என்போம், பழைய பிஸ்கட் டப்பா நிறையப் பொம்மைக் கை, கால், கண் என்று கொட்டி வைத்திருப்பாள், நான் போய் வழக்கம்போல டப்பாவுக்குள் கையை விட்டுத் துழாவினால் உள்ளே இன்னொரு கை என் விரலைப் பிடிக்கிறது. பொம்மைக் கை இல்லை. சூடாக இருக்கிறது. நான் "ஐயோ" என்று கத்த, அந்தக் கையின் சொந்தக்காரர் என்னைவிடப் பெரிதாக "ஐயையோ" என்று கத்த, குடையம்மா, "ரெண்டு பேரும் கையை வெளியில எடுங்க, யார் கை யாருதுன்னு எனக்கே குழம்புது" என்றாள். நிமிர்ந்து பார்த்தால் நம் வயது ஆள் ஒருத்தர். சட்டை சுத்தம். தலையில் முன்பக்கம் கொஞ்சம் காலி. காது இரண்டும் வீட்டு ஜன்னலைத் திறந்து வைத்த மாதிரி. வெட்கப்பட்டால் அந்தக் காதுதான் முதலில் சிவக்கிறது, அப்புறம்தான் முகத்துக்குச் செய்தி போகிறது. கடைவீதி மாடியில் பல்செட் செய்கிறவராம். நான் சிரித்ததும் என் வாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மேல கடைவாய்ல ஒண்ணு கிளம்பத் தயாரா இருக்குங்க" என்றார். வந்த அறிமுகத்தைப் பார்!

அவரும் கைதான் தேடுகிறாராம், இடது கை. எதற்கு என்று கேட்டால், சாப்பாட்டுப் பையைத் திறந்து பழைய துண்டில் சுற்றிய ஒன்றை எடுக்கிறார். துண்டு விலகியது. உன் மூத்தவள்! அதே முகம், அதே சின்ன வாய், திருப்பினால் பிடரியில் நட்சத்திரம். நான் உன் அலமாரிப் படத்தைப் பர்ஸிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். குடையம்மா எழுந்தே வந்துவிட்டாள். இவருடையவளுக்கு வலது கை இருக்கிறது, இடது இல்லை. உன்னுடையவளுக்கு இடது இருக்கிறது, வலது இல்லை. அவர் பழைய மேஜை ஒன்று வாங்கியபோது இழுப்பறைக்குள் இவள் படுத்திருந்தாளாம். ஒரு சின்னக் குறை, படுக்க வைத்தால் ஒரு கண் முதலில் மூடுகிறது, இன்னொன்று யோசித்துவிட்டு மூடுகிறது. பார்த்தால் கண்ணடிக்கிற மாதிரி இருக்கும். அந்த மனிதர் தானாகக் கண்ணடிக்கிற ரகம் இல்லை, அவர் சார்பில் பொம்மை அடிக்கிறது என்று வைத்துக்கொள்.

"கிடைச்சிடுச்சு!" என்றேன் நான். "கிடைச்சிடுச்சுங்க!" என்றார் அவர். இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம்தான் ஒரே நேரத்தில் உறைத்தது.

"அப்ப படத்துல இருக்கறவளோட இடது கையைக் குடுத்துடுங்க" என்றார்.

"நல்லா இருக்கே! நீங்க வலது கையைக் குடுங்க" என்றேன்.

"இவ கையை நான் எப்படிங்க கழட்டுவேன்?"

"அப்ப அவ கையை மட்டும் நான் கழட்டுவேனா? என் தங்கச்சி என்னைக் கழட்டிடுவா."

நான் கேட்டேன், "நாள் முழுக்கப் பல்லு செய்யற ஆளு, ஒரு கை செஞ்சுக்க முடியாதா?" அதற்கு அவர் முகம் வாடிவிட்டது. "பல்லு போனா வேற வழி இல்லீங்க, மனுஷன் சாப்பிடணும். இவளுக்கு என்ன அவசரம்? நிஜக் கை வர்ற வரைக்கும் இருப்பா" என்றார். எனக்கு உன் குரல் கேட்ட மாதிரி இருந்தது தங்கச்சி. இதே வார்த்தையை, இதே எரிச்சலோடு, நீ என்னிடம் சொல்லியிருக்கிறாய்.

இதற்குள் அத்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, காசு சுண்டிப் போடலாம் என்றார். இரண்டு பேரும் முறைத்தோம். சரி, ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று கைகளை மாற்றி மாற்றி மாட்டலாம் என்றார். பல்செட்டுக்காரர் பொறுமையாக, இந்த ஜாதிப் பொம்மைக்குள் இரண்டு கைக்கும் சேர்த்து ஒரே எலாஸ்டிக்தான் ஓடும், ஒன்றை அவிழ்த்தால் மற்றதும் கழன்று வயிற்றுக்குள் விழுந்துவிடும், ஒற்றைக் கையை நிறுத்த அவர் உள்ளே ஒரு சட்டைப் பொத்தானில் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார் என்று விளக்கினார். நீயும் பொத்தானில்தானே முடிச்சுப் போட்டிருக்கிறாய்? குடையம்மா, "ரெண்டையும் என்கிட்ட வித்துடுங்க, நான் ஒண்ணா ஆக்கிடறேன்" என்றாள். அப்போது அவரும் நானும் சேர்ந்து போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடை கோழிக்கூண்டே அமைதியாகிவிட்டது.

பிறகு டீ குடித்தோம். அவர் டீயை ஆற்றுகிற அழகு இருக்கிறதே, கப்பிலிருந்து டம்ளருக்கு, டம்ளரிலிருந்து கப்புக்கு, நாங்கள் குடித்து முடித்துக் கப்பைக் கழுவிக் கொடுத்த பிறகும் ஆற்றிக்கொண்டே இருந்தார். ஆற்றியபடியே மெதுவாகச் சொன்னார்: "யார் கையையும் கழட்ட வேண்டாங்க. ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வைங்க. கை இல்லாத தோள் ரெண்டும் உள்பக்கம் வரணும். ஒருத்தி தோள்ல ஒருத்தி சாஞ்ச மாதிரி இருக்கும். பாக்கறவங்களுக்கு ரெண்டு கை தெரியும், குறை தெரியாது." அவர் பொம்மையையும் உன் பொம்மைப் படத்தையும் பெஞ்சில் அப்படியே சேர்த்து வைத்துக் காட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், குடையம்மாகூட வியாபாரத்தை விட்டுவிட்டுப் பார்த்தாள்.

அத்தான் மட்டும், "அது சரி, யார் வீட்டு அலமாரியில?" என்று கேட்டார்.

காது இரண்டும் சிவந்துவிட்டன. டீ இன்னொரு தரம் ஆறியது.

தனி ஆள். ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று நான் கேட்கவில்லை, உனக்கு வாக்குக் கொடுத்தவள் ஆயிற்றே. குடையம்மா கேட்டாள். நான் பக்கத்தில் நின்றதால் காதில் விழுந்தது. "என்கிட்ட வர்ற எல்லாரும் வாய் நிறைய, பல்லு அச்சு எடுக்கற மாவை வெச்சிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. யார்கிட்டங்க நான் பேசிப் பழகறது?" என்றார். நீ கண் பார்க்கிறவள், அவர் பல் பார்க்கிறவர், மூக்கு ஒன்றுக்கு ஆள் கிடைத்தால் முகம் முழுதும் நம் குடும்பத்துக்குள்ளேயே முடிந்துவிடும் என்று அத்தான் சொன்னார். நான் அதட்டிவிட்டேன்.

கடைசியில் நான் தீர்மானமாகச் சொல்லிவிட்டேன். "இது என் தங்கச்சி பொம்மை, அவ முடிவு. அவளுக்கு வீட்டுக்கு ஆள் வந்தாலே பிடிக்காது. உங்க பொம்மையை நீங்க வெச்சிக்கங்க, அவ பொம்மையை அவ வெச்சிக்கட்டும்." அவர் தலையை ஆட்டிவிட்டுத் துண்டைச் சுற்றினார். அதற்கு முன் பொம்மையின் தோளில், கை இல்லாத இடத்தில், தூசி தட்டுவது போல ஒரு விரலால் தடவினார். நீ தடவுவாயே, அதே மாதிரி. உன் முகவரியை நான் கொடுக்கவில்லை. உன் படத்தைக் காட்டவில்லை, பொம்மைப் படம்தான். அதன் ஓரத்தில் உன் பாதி முகம் விழுந்திருப்பது என் குற்றமில்லை, எடுத்தது அத்தான். இதோடு இந்தப் பேச்சு முடிந்தது. வலது கையை நான் வேறு சந்தையில் தேடிக்கொள்கிறேன். நீ நிம்மதியாக இரு.

நேரத்துக்குச் சாப்பிடு. அடுத்தவர் கண்ணைச் சோதித்துச் சோதித்து உன் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. அலமாரிப் பிள்ளைகள் எல்லாருக்கும் பெரியம்மாவின் அன்பு. நீ எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அக்கா

பின்குறிப்பு: முகவரி கொடுக்கவில்லை என்று மேலே எழுதியது எழுதும்போது உண்மை. தபாலில் போட்டால் நீ என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் தூக்கிப் போட்டுவிடுவாயோ என்று பயமாக இருந்தது, அதனால் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். கொண்டுவந்து கொடுத்தாரே, அவர்தான். "அவ படிச்சு முடிக்கிற வரைக்கும் வாசலை விட்டு நகராதீங்க" என்று சொல்லியிருக்கிறேன், நிற்பார். கதவைத் திற. அவர் பொம்மை இருக்கிற பையை மட்டும் உள்ளே வாங்கிக்கொண்டு ஆளை வெளியே நிறுத்தாதே. முதலில் இரண்டு பேரையும் தோள் சேர்த்து அலமாரியில் உட்கார வைத்துப் பார், பார்த்த பிறகு அவரைத் திருப்பி அனுப்புவதானால் அனுப்பு. ஃபேனைக் கழற்றச் சொல்லாதே, அவருக்கு அதுவும் தெரியாது. கோபம் வந்தால் உடனே போன் பண்ணித் திட்டு, அப்படியாவது உன் குரலைக் கேட்கிறேன். அப்புறம், வழியில் அவர் இதைப் பிரித்துப் படித்திருப்பாரோ என்று சந்தேகப்படாதே, அப்படிப்பட்ட மனிதர் இல்லை. நான்தான் முழுதும் படித்துக் காட்டினேன். காதைப் பற்றிய இடத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். எடுக்கவில்லை. எட்டிப் பார், சரியாகத்தானே எழுதியிருக்கிறேன்?