ஆட்சேபணை உள்ளவர்கள் ஏழு நாளுக்குள்

என்னை முதலில் ஏமாற்றியவன் வேலப்பன். பெயரைச் சொல்லியே ஆரம்பிக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக என் மனைவியும் அப்படித்தான் ஆரம்பிக்கிறாள்.

மீஞ்சூர் பக்கம் ஒரே மனையை அவன் நாலு பேருக்கு விற்றான். நான் நாலாவது ஆள். பணம் போயிற்று, அவனும் ஊரைவிட்டுப் போனான். கதை மட்டும் போகவில்லை. தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு சிலிண்டர் போட வருகிறவன் முதல் சம்பந்தி வீட்டார் வரை, யார் வந்தாலும் கன்னியம்மா தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே அந்தக் கதையைக் கொடுத்துவிடுவாள். "வேலப்பன்கிட்ட எங்க வூட்டுக்காரரு நெலம் வாங்குன கதை தெரியுமா?"

பணத்தைக்கூட மன்னித்துவிடுவேன். இதை மன்னிக்க மாட்டேன்.

இந்த வருடம் திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். செட்டில்மென்ட் பணம் எங்கள் இருவர் பெயரிலும் உள்ள கணக்கில் விழுந்தது. அன்றே சபதம் எடுத்தேன். குண்டூசி முனை அளவுகூட வில்லங்கம் இல்லாத ஒரு மனை வாங்குவேன். பத்திரத்தில் பீம்ராவ் என்று என் பெயர் இருக்கும். எல்லாம் சரிபார்த்து முடியும்வரை வீட்டில் மூச்சு விடமாட்டேன். கடைசியில் அவள் முன்னால் காகிதங்களைப் பரப்பி, "போடு கையெழுத்து" என்பேன். அன்றோடு வேலப்பன் கதை செத்தது.

எர்ணாவூர் தாண்டி ஒரு மனை கிடைத்தது. சொந்தக்காரர் தமீம், வாட்ச் கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர். அதனால்தான் எனக்குச் சந்தேகம். வேலப்பனும் நல்ல மனிதனாகத்தான் இருந்தான்.

ராயபுரத்தில் ரெஜினா என்ற வக்கீலம்மாவைப் பிடித்தேன். அவர் தாய்ப் பத்திரம் கேட்டார், தமீம் கொடுத்தார். முப்பது வருட வில்லங்கச் சான்று எடுத்தோம், சுத்தம். பட்டா பார்த்தோம், தமீம் பெயர். ஆள் வைத்து அளந்தோம், ஒரு அங்குலம் குறையவில்லை. மூன்று மாதம் இப்படியே போனது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒருத்தனும் ஏமாற்ற வரவில்லை என்றால் நான் கெட்டிக்காரன் என்று எப்படித் தெரியும்?

"வேற எதுனா பாக்க வேணாமாம்மா?"

"பேப்பர்ல பொது அறிவிப்பு குடுக்கலாம் சார். இன்னார் இந்த மனையை வாங்கப் போறார், ஆட்சேபணை உள்ளவங்க ஏழு நாளுக்குள்ள சொல்லணும்னு. தெரியாத வாரிசு யாராவது இருந்தா வெளிய வருவாங்க."

கொடுத்தோம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் என் பெயரை அச்சில் பார்த்ததில்லை. நாலு பேப்பர் வாங்கினேன்.

"இன்னாய்யா அது, பேப்பரு?"

"ராசி பலன் பாக்கலாம்னு."

"நாலு பேப்பர்லயா?"

"ஒண்ணுல செரியா இல்லன்னா இன்னொண்ணுல பாக்கறது."

"நாலும் ஒரே பேப்பராச்சே."

"நாலுலயும் ஒரே மாரி போட்டுகீறானான்னு பாத்துகினு கீறேன்மே. எவன நம்ப முடியுது?"

"உம்" என்றாள் கன்னியம்மா. அந்த "உம்"முக்கு நான் அப்போதே மரியாதை கொடுத்திருக்க வேண்டும்.

அந்த ஏழு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பயத்தில் அல்ல, ஆவலில். யார் வருவான்? தமீமின் அப்பாவுக்கு இன்னொரு குடும்பம் இருக்குமா? மலேசியா போன பெரியப்பா திரும்பி வருவாரா? தினமும் பத்து மணிக்கு வக்கீலம்மா வாசலில் நிற்பேன்.

"யாருனா வந்தாங்களாம்மா?"

"இல்ல சார். நல்லதுதானே?"

"நல்லதுதான்" என்பேன், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

ஆறாம் நாள் தமீமிடமே கேட்டுவிட்டேன். "இன்னா பாய், உங்க குடும்பத்துல வம்புக்கு நிக்கற ஆளு ஒருத்தர்கூடவா இல்ல?"

"நான் ஒரே புள்ளங்க" என்றார் பாவம். "மன்னிச்சுக்கங்க."

ஏழாம் நாள் போன் வந்தது. "சார், ஆட்சேபணை ஒண்ணு வந்திருக்கு."

"மாட்னானா! யாரும்மா அவன்?"

"நேர்ல வாங்க சார்."

ஷேர் ஆட்டோவில் என்னால் உட்கார முடியவில்லை. "சீக்கிரம் போ நைனா, திருடன் சிக்கிகினான்" என்று டிரைவரைக் குடைந்தேன்.

வக்கீலம்மா ஒரு கோடு போட்ட தாளை நீட்டினார். எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"மேற்படி மனையை வாங்கப்போகும் மேற்படி பீம்ராவுக்கு நான் முப்பத்தாறு வருடமாக மனைவி. மேற்படியார் ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்தவர். மேற்படியார் தனியாக நிலம் வாங்க எனக்கு ஆட்சேபணை உண்டு. பணம் எடுக்க என் கையெழுத்தும் வேண்டும் என்பதை மேற்படியாருக்கு ஞாபகப்படுத்தவும். இப்படிக்கு, கன்னியம்மா."

"இது சட்டப்படி நிக்குமாம்மா?"

"நிக்காது சார்." சிரிப்பை மறைக்க வக்கீலம்மா ஃபைலை மூக்குவரை தூக்கிக்கொண்டார். "ஆனா பணமும் நகராதே."

வீட்டில் கன்னியம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னாமே இது? ஊரு சிரிக்காது?"

"ஊருக்குச் சொன்னது நானா? நீதான் பேப்பர்ல போட்ட."

"உனுக்கு எப்டி தெரியும்?"

"முப்பத்தாறு வருசத்துல ஒரு பேப்பர் வாங்காத ஆளு, நாலு வாங்கி பீரோ மேல ஒளிச்சு வெச்சா நான் பொரட்டிப் பாக்காம பூஜையா போடுவேன்?"

"செரி, மனையில இன்னா கொறை கண்டுபுட்ச?"

"கொறையே இல்ல. சோக்கா கீது."

"நீ எப்போ பாத்த?"

"மூணாம் நாளே. கொடத்த எடுத்துகினு போயி அந்தத் தெரு தண்ணி லாரி க்யூல நின்னேன். பொம்பளைங்க ஒண்ணு உடாம சொல்ட்டாங்க. எத்தினி மழைக்கும் தண்ணி நிக்காது. பாயோட அப்பாரு காலத்துலேந்து அவங்களுதுதான். வேற எவனும் வந்து சொந்தம் கொண்டாடுனதில்ல. ஒரு கொடம் தண்ணியும் புட்சிகினு வந்துட்டேன்."

எனக்கு மூன்று மாதம் ஆன வேலை. அவளுக்கு ஒரு குடம் நிறைகிற நேரம்.

"அப்புறம் இன்னாத்துக்குமே ஆட்சேபணை?"

"என் பேர்ல வாங்கு. பொம்பள பேர்ல எழுதுனா இந்த வெலைக்கு பதிவுக் கட்டணம் கொறைவாம். வக்கீலம்மாதான் சொல்லிச்சு."

என் வக்கீல்!

யோசித்தேன். மனை யார் பெயரில் இருந்தால் என்ன, எனக்கு வேண்டியது ஒன்றுதான். "செரி. ஆனா வேலப்பன் கதைய இனிமே ஒருத்தர்கிட்ட சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணு."

நெத்திலிக் கையோடு தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். என் தலையில்.

பதிவு நாள் வந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் உட்கார இடமில்லை. பத்திரம் எழுதியவர் ஃபைலைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "அறிவிப்புல ஐயா பேரு, பத்திரத்துல அம்மா பேரு. எப்படிம்மா மாறிச்சு?"

கன்னியம்மா பையைக் கீழே வைத்தாள். "அது பெரிய கதை நைனா. எங்க வூட்டுக்காரரு ஒரு நாளு நாலு பேப்பர் வாங்கியாந்தாரு..."

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். தமீம் நன்றாகக் கேட்கட்டும் என்று பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். யாருடைய டோக்கன் எண்ணையோ கூப்பிட்டார்கள், ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"இன்னாமே, சத்தியம் பண்ணியே!" என்று காதில் சீறினேன்.

"வேலப்பன் பேர எட்தனா?"

எடுக்கவில்லைதான். இன்றுவரை எடுத்ததில்லை. ஆனாலும் அந்தச் சத்தியத்துக்கு ஈடாக எனக்கு வரவேண்டிய நிம்மதியை அவள் இன்னும் தரவில்லை. அது பாக்கி. நான் விடப்போவதில்லை. வேலப்பன் கதை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். இந்த நாலு பேப்பர் கதைக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. நடுவில் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுப்பது நான்.