வயித்துல தெர்மாமீட்டர்

அத்தைய கோயிலுக்கு கூட்டிட்டு போய், சாமி பாக்க வெச்சு, கீழ்பென்னாத்தூர் பஸ் ஏத்தி விடணும். ஞாயித்துக்கிழமை வீட்டம்மா எனக்கு குடுத்த வேலை அவ்ளோதான்.

நான் உடற்பயிற்சி ஆராய்ச்சில இருக்கற ஆளு. வெயில்ல மூட்டை சுமந்து நடக்கற ராணுவ வீரர்களுக்கு உடம்பு உள்ளுக்குள்ள எவ்ளோ சூடாகுதுன்னு பாக்கறோம். அதுக்குன்னு ஒரு மாத்திரை இருக்கு. முழுங்கினா வயித்துலேந்தே சூட்டை அளந்து, இடுப்புல கட்டின குட்டி பொட்டிக்கு அனுப்பும்.

"வீரர்களுக்கு குடுக்கறதுக்கு முன்னாடி நாமளே முழுங்கி பாக்கணும்யா"ன்னு எங்க சார் சொல்லிருந்தார். காலையில இட்லியோட முழுங்கிட்டேன்.

கோபுர வாசல்ல சோதனை. பொட்டிய கழட்டி தட்டுல வெச்சேன். போலீஸ் மேடம் கைல இருந்த கருவிய என் வயித்துகிட்ட கொண்டு வந்தாங்க. கத்துச்சு.

"சார், என்ன வெச்சிருக்கீங்க? எடுங்க."

"எடுக்க முடியாது மேடம். வயித்துக்குள்ள இருக்கு. தெர்மாமீட்டர்."

மேடம் என்னைய மேலயும் கீழயும் பாத்தாங்க.

"எப்போ வெளிய வரும்?"

"அநேகமா நாளைக்கு."

அதுக்குள்ள பின்னாடி வரிசையில ஒருத்தர் சொல்றார். "தங்கம் முழுங்கிட்டானாம்."

அது அத்தை காதுல விழுந்துச்சு. "தங்கமா? எம்பொண்ணுக்கு ஒரு குண்டுமணி வாங்கி குடுத்ததில்ல, நீங்க முழுங்கறீங்களா மாப்ள?"

இன்ஸ்பெக்டர் வந்தார். மூச்சு விடாம எல்லாத்தையும் வெளக்கினேன். பொறுமையா கேட்டுட்டு தீர்ப்பு சொன்னார். "அது வெளிய வர வரைக்கும் நீங்களும் வெளியவே இருங்க."

பொட்டிய திரும்ப இடுப்புல கட்டிக்கிட்டேன். அத்தை மட்டும் உள்ள போனாங்க. போறப்போ, "புது செருப்பு மாப்ள, பாத்துக்கோங்க"ன்னாங்க.

என் செருப்ப வீட்லயே விட்டுட்டு வந்திருந்தேன். மத்தியான வெயில், கருங்கல் தரை. ஒத்த கால்ல மாத்தி மாத்தி நின்னேன். நெழலுக்கு போனா செருப்பு போய்டும், கைல தூக்கிட்டு போனா அத்தை வந்து தேடுவாங்க. அத்தை செருப்ப போட்டு நிக்கலாம்னு பாத்தா, கட்டை விரல் கூட நுழையல. அன்னைக்குன்னு பாத்து உள்ள கூட்டம் ஜாஸ்தி.

ஒருவழியா அத்தை வந்தாங்க. திருநீறு பூசி விட்டு, "ஒடம்பு இப்டி கொதிக்குது, ஒரு மாத்திரை போடக்கூடாதா மாப்ள?"ன்னாங்க.

அவங்கள பஸ் ஏத்திட்டு, பொட்டில பதிவானத சாருக்கு அனுப்பினேன். ஒடனே போன்.

"பிரமாதம்யா. சூடு நல்லா ஏறிருக்கு. எவ்ளோ வெயிட்டு தூக்கிட்டு நடந்த?"

"நடக்கல சார். அத்தை செருப்புக்கு காவல் நின்னேன்."

போன்ல சார் டைப் அடிக்கற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் சொன்னார்.

"சரி, காவல் பணின்னு போட்டுக்கறேன்."