பதினாலு வயசுக் குரல்

"வெளிய போறப்போ தொப்பி போடுறியா, கண்ணு?"

"ம்."

"கிரீம்?"

"ம்."

நோரீன் பெருமூச்சு விட்டாள். ஆஸ்திரேலியாவின் மெக்காய் ஊர்ப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தோல் புற்றுநோய் வராமல் காத்துக்கொள்ளத் தொலைபேசியில் யோசனை சொல்வது அவள் தொண்டு. பதினாலு வயது லாக்லன் மட்டும் முனகலைத் தாண்ட மறுத்தான்.

இறந்துபோன கணவன் ராஸும் இப்படித்தான். முதுகில் மச்சம் கறுத்தபோது, "டாக்டர்கிட்ட போறியா?" என்றால் "ம்" என்பான். கரும்புக் காட்டுக்குப் போய்விடுவான். அந்த "ம்"மை அவளும் நம்பினாள்.

"உபதேசம் வேணாம் நோரீன். ஃபுட்டி மேட்ச் பத்திப் பேசுங்க," என்றாள் பக்கத்து மேஜை டீனா.

அடுத்த வாரம் பேசினாள். அவனுக்குப் பிடிக்காத அணியைப் புகழ்ந்துவிட்டாள். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

மன்னிப்புக் கேட்க மறுபடி அழைத்தாள். கரகரத்த குரல் தயங்கியது.

"முதுகுல ஒரு மச்சம். பெருசாகுது."

'பாவம், குரல் உடையுற வயசு' என்று நினைத்துக்கொண்டாள். இப்போதே ஓடு என்று கத்த வாய் துடித்தது. ஆனால் போன மாதம்தான் ஒரு சின்னப் புள்ளிக்காக ஒரு பெண்ணை அழவைத்து, டீனாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"பதினாலு வயசுல அது பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது, கண்ணு. எதுக்கும் அம்மாகிட்ட காட்டு."

"அம்மா எங்களை விட்டுப் போயாச்சு."

"அப்போ அப்பாவக் கூப்பிடு."

பூட்ஸ் தரையில் தேய்ந்தது. "சொல்லுங்க." அதே கரகரப்பு. அப்பனும் பிள்ளையும் ஒரே அச்சு.

"அந்த மச்சத்தப் பார்த்தீங்களா?"

"சரியாத் தெரியலங்க."

"கண்ணாடி போட்டுப் பாருங்க."

"போட்டாலும் தெரியாதுங்க."

"என்ன தகப்பன்யா நீ! இன்னும் பெருசானா டாக்டர்கிட்ட காட்டுவீங்களா?"

"ம்."

நோரீன் அந்த "ம்"மையும் நம்பினாள்.

கரும்பு வெட்டு முடிந்தபின் மீண்டும் அழைத்தாள். கீச்சுக் குரல் ஒன்று எடுத்தது.

"லாக்லன் இருக்கானா, கண்ணு?"

"நான்தான் லாக்லன். நீங்க யாரு?"

சொன்னாள்.

"ஓ, தொப்பி டீச்சரா? உங்க போன் வந்தா அப்பாதான் கொட்டகைக்கு எடுத்துட்டுப் போய்ப் பேசுவார். இப்போ ஆஸ்பத்திரியில இருக்கார். 'ஏன் இவ்வளவு நாள் வரல'ன்னு டாக்டர் கேட்டாராம். அதுக்கு அப்பா, 'பதினாலு வயசுல அது ஒண்ணும் இருக்காதுன்னு சொன்னாங்க'ன்னு சொன்னாராம்."