முகமானிக்கு எதிரே ஒரு நாற்காலி

திங்கட்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து புதன்கிழமை மதியம் இரண்டு மணி வரை, சரியாக ஐம்பத்து மூன்று மணி நேரம், சோதனைக்குழாய் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு ஒரு விஷயம் தெரியும். சொல்லத்தான் தைரியமில்லை. வேதியியல் இறுதியாண்டு மாணவி. ஆள் ஒல்லி, பேச்சு அதைவிட ஒல்லி. தோழிகள் வைத்த பெயர் அது.

அதற்குள் முகமானி நானூற்றுப் பன்னிரண்டு முகங்களைப் படித்து முடித்திருந்தது. கல்லூரியின் வேலைவாய்ப்பு அறையில், பச்சைத் துணி விரித்த மேசைமேல் ஒரு கறுப்புப் பெட்டி. பக்கத்தில் முட்டை அளவில் ஒரு கேமரா. எதிரே உட்கார்ந்தால் போதும், இருபது நொடியில் உங்கள் எதிர்காலம் சீட்டாக வெளியே வரும். எழுபது மதிப்பெண் வாங்கினால் வெள்ளிக்கிழமை நேர்காணல். குறைந்தால் அடுத்த அறையில் முகத் திருத்தப் பயிற்சி. கட்டணம் உண்டு. பயிற்சி தருபவர் பெட்டியைக் கொண்டுவந்த அதே நிபுணர். என்ன ஒரு தற்செயல்!

இடது புருவத்தைத் தூக்கினால் பத்து மதிப்பெண் கூடும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். தாழ்வாரம் முழுக்கத் தூக்கிய புருவங்கள். இயற்பியலில் பதக்கம் வாங்கியவன்கூடச் சுவரைப் பார்த்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தான். மூன்று வருடம் படித்த ஒளியியல் மொத்தமும் புருவத்துக்கு ஏறிவிட்டது.

சோதனைக்குழாய்க்கு முப்பத்திரண்டு. "கண்ணில் தயக்கம், நெற்றியில் ஒத்துழையாமை" என்றது சீட்டு.

"அடிப்பாவி, புருவத்தைத் தூக்கலையா?" என்றாள் அறைத்தோழி.

"தூக்கி என்னடி ஆகப்போகுது?"

"அப்ப வெள்ளிக்கிழமை?"

நேர்காணலுக்கு வரும் நிறுவனத்தின் ஆய்வகத்தில் சேரத்தான் அவள் மூன்று வருடமாகக் கைவிரல்களைச் சுட்டுக்கொண்டிருந்தாள். நேராக வேலைவாய்ப்பு அறைக்குப் போய் அதிகாரி முன்னால் நின்றாள்.

"சார், ஒரு சின்ன சோதனை. யாரும் உட்காராம ஒரு தடவை பெட்டியோட பொத்தானை அழுத்திப் பாக்கலாமா?"

"என்ன பாப்பா, விளையாடற இடமா இது?" என்று நிபுணர் எழுந்தார். அதற்குள் அதிகாரி பொத்தானை அழுத்திவிட்டார். வாசலில் கூட்டம் எட்டிப் பார்த்தது.

பெட்டிக்குள் மணி அடித்தது. சீட்டு வந்தது. அதிகாரி உரக்கப் படித்தார்: "எண்பத்தெட்டு. நிதானமானவர். எதிர்த்துப் பேசமாட்டார். எவ்வளவு பாரத்தையும் தாங்குவார்."

"புருவமே இல்லாம எண்பத்தெட்டாடா!" என்று வாசலில் ஒருவன் அலறினான்.

நிபுணர் அசரவில்லை. "நானூறு பேர் உட்கார்ந்த நாற்காலிங்க! அத்தனை பேர் ஆற்றலும் அதுல ஊறியிருக்கு. கேமரா எவ்வளவு துல்லியமா பிடிச்சிருக்கு பாருங்க!"

கூட்டம் "ஆமால்ல" என்று தலையாட்டியது. இரண்டு பேர் அந்த நாற்காலியில் இன்னொரு தடவை உட்கார வரிசையில் நின்றேவிட்டார்கள்.

அதைப் பார்த்ததும் சோதனைக்குழாய்க்குத் தொண்டை திறந்துகொண்டது. பைக்குள் கைவிட்டு ஒரு ஒயரை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"சார், திங்கட்கிழமை காலையில இங்க நாற்காலி போட வந்தேன். போனுக்கு சார்ஜ் இல்ல. துணிக்கு அடியில இருந்து இதைக் கழட்டினேன். திருப்பி மாட்டறதுக்குள்ள முதல் ஆளுக்கு மதிப்பெண் வந்துருச்சு. திட்டுவீங்களோன்னு பயந்து சொல்லல." கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "இத்தனை பேர் புருவத்தைத் தூக்குனீங்களே, ஒருத்தராவது இந்தத் துணியைத் தூக்கிப் பாத்தீங்களா? இது அந்தக் கேமராவோட ஒயர்."